அலைன்மென்ட் செய்தும் கார் இடப்பக்கம் இழுக்கிறதே!

கேள்வி: புது டயர் போட்டபின் ஒரே மாதத்தில் இரண்டு முறை வீல் அலைன்மென்ட் செய்துவிட்டேன். ஸ்டீயரிங்கைத் தளர்வாகப் பிடித்தால் கார் இன்னும் இடப்பக்கமே ஒதுங்குகிறது. ‘கேம்பர், காஸ்டரையும் சரிசெய்ய வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம்’ என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். முதலில், இரண்டு முறையும் இயந்திரம் அச்சிட்ட அளவுத்தாளைக் கேளுங்கள். திருத்துவதற்கு முன்பிருந்த அளவு, பின்பு வந்த அளவு, கார் நிறுவனம் சொல்லும் அளவு மூன்றும் அதில் இருக்கும். தர மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

பல கார்களின் முன்சக்கரங்களில் திருகித் திருத்த முடிவது டோ மட்டுமே. மேலிருந்து பார்த்தால் இரு சக்கரங்களும் மூக்கை உள்ளே குவிக்கின்றனவா, வெளியே விரிக்கின்றனவா என்பதுதான் டோ. டயரைத் தின்பதில் முதல் குற்றவாளி இதுவே. வண்டி நிற்கும்போது டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். போகும்போது வழவழப்பு, வரும்போது ரம்பப்பல் போல உறுத்தல் என்றால் டோ பிசகியிருக்கிறது. ஆனால் முன்சக்கர டோ கெட்டால் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும், வண்டி அலைபாயும். ஒரே பக்கமாக இழுப்பது அரிது.

இழுப்பவை மற்ற இரண்டும்தான். முன்னிருந்து பார்க்கையில் சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது கேம்பர். எந்தப் பக்கத்துத் தலை அதிகம் வெளியே சாய்கிறதோ, அந்தப் பக்கம் கார் போகும். சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருப்பது காஸ்டர். வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்புவதில் பெரும்பங்கு இதற்குத்தான். இது குறைந்த பக்கம் கார் ஒதுங்கும். தாளில் இடமும் வலமும் அரை டிகிரிக்கு மேல் வேறுபட்டால் சந்தேகப்படலாம்.

இந்தக் கோணங்கள் சும்மா மாறுவதில்லை. புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கைகளின் மூட்டில் உள்ள ரப்பர் வளையம்) தேய்ந்திருக்கும், அல்லது பள்ளத்தில் விழுந்து ஏதோ வளைந்திருக்கும். எந்தப் பாகம் என்று காட்டச் சொல்லுங்கள். இருப்பதையே வளைத்து நிமிர்த்தித் தருகிறோம் என்றால் ஒப்பாதீர்கள்.

உங்கள் விஷயத்தில் எனக்குப் புது டயர் மேலேயே சந்தேகம். காற்றழுத்தத்தைச் சமமாக்கிவிட்டு, முன்டயர்கள் இரண்டையும் இடம் மாற்றி, அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். (ஓடும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயர் என்றால் இது வேண்டாம்.) இழுப்பு வலப்பக்கம் மாறினால் கோளாறு டயரில்தான், பில்லோடு டயர் விற்றவரிடம் போய் மாற்றித் தரக் கேளுங்கள்.