சமூக வலைதளங்களில் எழும் கோபம் போராட்டங்களுக்கு உதவுகிறதா, கெடுக்கிறதா?

இப்படிக் கேட்கிறீர்கள் என்றால், நீங்களும் ஏதோ ஒன்றுக்காகக் களத்தில் இறங்கி மனம் வெறுத்துப் போனவராகத்தான் இருக்க வேண்டும். கோபப்படாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. மலக்குழிக்குள் இறங்கி ஒரு மனிதன் செத்தான் என்று கேட்டும் கோபம் வராதவரிடம் எனக்குப் பேச ஒன்றும் இல்லை.

2022-ல் எங்கள் ஊரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய இறங்கியவர் விஷவாயு தாக்கி மயங்கி விழுந்தார். அவரைத் தூக்க இறங்கியவரும் மேலே வரவில்லை. இந்தச் சாவுகள் பல நேரம் இப்படித்தான் இரண்டிரண்டாக நடக்கின்றன. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு மனு எழுதிக் கொடுத்து, ஆபீஸ் ஆபீஸாகக் கூட அலைவது பல வருடங்களாக நான் செய்துவரும் வேலை.

உடல்களை வெளியே எடுக்கும் வீடியோ அன்று மாலையே பரவியது. இரவுக்குள் ஹேஷ்டேக். நானும் பகிர்ந்தேன். அதனால் பலனும் இருந்தது, மறுக்கவில்லை. நான் பார்த்த வழக்குகளில் போலீஸ் முதலில் 174-ஆவது பிரிவு என்று, வெறும் சந்தேக மரணமாகத்தான் எழுதினார்கள். இந்த முறை இரண்டே நாளில், கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கான 304-ஏ பிரிவும், மலக்குழிக்குள் ஆளை இறக்கத் தடை போடும் 2013 சட்டமும் சேர்ந்தன. அந்தச் சத்தம் இல்லாமல் அது நடந்திருக்காது.

ஆனால் அந்த வீடியோவில் குழிக்குப் பக்கத்தில் அந்தக் குடியிருப்பின் வாட்ச்மேன் நின்றுகொண்டிருந்தார். யாரோ அவர் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, ‘மிரட்டி இறக்கியவன் இவன்தான்’ என்று போட்டுவிட்டார்கள். அவருடைய போன் நம்பரும் வெளியே வந்துவிட்டது. அறுபது வயதைத் தாண்டியவர். "தம்பி, 108-க்கு போன் போட்டதே நான்தான். என்னைப் போய் கொலைகாரன்னு திட்டுறாங்க" என்று என்னிடம் அழுதார். கழிவை உறிஞ்சும் லாரி வைத்தால் செலவு, ஆளை விட்டே முடித்துவிடுங்கள் என்று குடியிருப்புச் சங்கத்துக்காரர் கான்ட்ராக்டரிடம் சொன்னதைக் காதால் கேட்ட ஒரே வெளியாள் அவர்தான். கோர்ட்டில் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டும் இருந்தார். நான்காம் நாள் வேலையை விட்டுவிட்டு சொந்த ஊருக்குப் போய்விட்டார். இப்போது கான்ட்ராக்டர் தரப்பு, அவர்களாகவே இறங்கினார்கள் என்கிறது.

வாட்ச்மேனுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று கமெண்டில் எழுதப் போகிறவர்கள், அந்த வீடியோவை முழுதாகப் பாருங்கள். கயிறு தேடி ஓடுவது அவர்தான்.

ஹேஷ்டேக் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பித்தது. 1993-லிருந்து இப்படி இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சிலேயே சொல்லிவிட்டது. அதைக் கையில் வாங்க வாரிசுச் சான்றிதழ், பிரேதப் பரிசோதனை அறிக்கை, எஃப்ஐஆர் நகல் என்று பதினான்கு மாதம் அலைந்தோம். இறந்தவர்களில் ஒருவரின் மனைவி கைக்குழந்தையோடு திங்கட்கிழமை மனு நாளில் வரிசையில் நிற்பார். ‘கூட ஒரு பத்துப் பேர் வாருங்கள்’ என்று பதிவு போட்டேன். வந்தவர்கள் இரண்டு பேர்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த மனு நாளில் வாசலிலேயே போலீஸ்காரர்கள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மண்ணெண்ணெய் வாசம் வருகிறதா என்று முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். மனு கொடுக்க வருகிறவர் தீக்குளித்துவிடுவாரோ என்று பயப்படத் தெரிந்தவர்களுக்கு, மணிக்கணக்காகக் காத்திருக்கும் பெண்களுக்கு ஒரு கழிப்பறையைத் திறந்து வைக்கத் தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. எங்கே, யாரிடம் மனு கொடுக்க வேண்டும் என்பதோடு அதை விளக்கி எழுதினேன். பதினோரு பேர் பகிர்ந்தார்கள். பிண வீடியோவைப் பகிர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

வழக்கு இன்னும் வாய்தாவில் இருக்கிறது. வாட்ச்மேனின் மகனிடம் மூன்று முறை பேசிவிட்டேன். "அப்பா வீட்டை விட்டு வெளியவே வர்றதில்லண்ணே, விட்டுடுங்க" என்றான் கடைசியாக.