ஆற்றங்கரையில் தனியாக ஓர் இரவு: வாசகர் கேள்விக்கு அக்கா பதில்

கேள்வி: எனக்கு 27 வயது. புதுச்சேரியிலிருந்து வந்து, இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில், அதன் தலைநகர் சேன் தெனியில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். ஜூலை விடுமுறையில் மலைச்சுவர்கள் சூழ்ந்த மஃபாத் பள்ளத்துக்குள் தனியாக நடந்து போய், த்ருவா ரோஷ் அருவிப் பக்கம் ஒரு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்க ஆசை. சொன்னதிலிருந்து அம்மா போனில் அழுகிறார். நீங்கள் தனியாகப் போனவர் என்று தோழி சொன்னாள். போகலாமா அக்கா?
— வாசகி, சேன் தெனி

பதில்: போகலாம் தங்கச்சி. நானும் காரைக்காலிலிருந்து வந்தவள்தான். இருபது வருடத்தில் மஃபாத்துக்குள் பதினொரு முறை போயிருக்கிறேன், அதில் நாலு முறை தனியாக. பொம்பளைப் பிள்ளை தனியாகவா என்று என்னிடமும் கேட்டார்கள். மஃபாத்துக்கு இன்றைக்கும் கார் ரோடு கிடையாது. உள்ளே குடியிருப்பவர்கள் நடந்துதான் வந்து போகிறார்கள், அவசரத்துக்கும் சாமான்களுக்கும் ஹெலிகாப்டர். இவ்ரேன் போசே என்ற தபால்காரர் 1951-லிருந்து 1991 வரை நாற்பது வருடம் அந்த மலைக் குடியிருப்புகளுக்குக் கடிதங்களைச் சுமந்து நடந்தே போனார். தனியாக நடப்பது அந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஆனால் அவருக்குப் பாதையும் தெரியும், ஆறும் தெரியும். நீ முதலில் ஆற்றைத் தெரிந்துகொள்.

அம்மாவின் பயத்தில் பாதியை இப்போதே இறக்கி வைத்துவிடலாம். இந்தத் தீவில் விஷப்பாம்பு இல்லை, ஆளை அடிக்கும் காட்டு மிருகமும் இல்லை. மீதிப் பாதி நியாயமான பயம். அது தண்ணீரைப் பற்றியது.

அங்கே ஓடும் ஆற்றுக்கு ரிவியேர் தே காலே என்று பெயர். காலே என்றால் உருண்டைக் கல். த்ருவா ரோஷில் அந்த ஆறு அகலமான வழுவழுப்பான பாறைமேல் மெல்லிசாகப் பரவி வந்து, திடீரென்று ஒரு குறுகலான வெடிப்புக்குள் விழும். பக்கத்தில் சவுக்குத் தோப்பு. நம் ஊர்க் கடற்கரைச் சவுக்கேதான், அதே இரைச்சல். முதல் தடவை அதன் அடியில் உட்கார்ந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரு வருடம் ஏப்ரல் கடைசியில் போயிருந்தேன். சாயங்காலம் மூன்றரை இருக்கும், தலைக்குமேல் நல்ல நீல வானம். பாறை ஓரத்தில் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். எவர்சில்வர் டம்ளரைப் பக்கத்துக் கல்மேல் வைத்திருந்தேன். தெளிவாக ஓடிய தண்ணீரில் முதலில் காய்ந்த இலைச் சருகு கொஞ்சம் வந்தது. அப்புறம் சிறு சுள்ளிகள். இதென்ன என்று பார்ப்பதற்குள் தண்ணீர் பால் விட்ட காபி நிறத்துக்கு மாறிவிட்டது. டம்ளரை எடுக்கக் கை நீட்டினேன், அந்தக் கல்லையே காணோம். எழுந்து மேலே ஓடினேன். அன்றைக்கு மழை என்மேல் ஒரு சொட்டுகூட விழவில்லை. மேலே மலை முகட்டில் பெய்திருக்கிறது. இருட்டிய பிறகு ஆற்றுக்குள் கல்லோடு கல் மோதும் சத்தம் ராத்திரி முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது, யாரோ பக்கத்து அறையில் மரச்சாமானை இழுத்துப் போடுவது போல.

அதனால் சொல்கிறேன். சருகு வந்தாலே, நிறம் மாறினாலே, காரணம் தேடாமல் மேலே ஏறிவிடு. கூடாரத்தைத் தோப்பின் மேட்டில் போடு. மணல் எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் ஆற்றுப் படுகையில் படுக்காதே, அந்த மணலைக் கொண்டுவந்து போட்டதே வெள்ளம்தான். மறுநாள் எந்தக் கரை வழியாகத் திரும்புவாயோ அந்தக் கரையில் தூங்கு. அக்கரை அழகாகத்தான் தெரியும். விடியும்போது ஆறு பெருகியிருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வாய். வெடிப்பின் விளிம்புக்கு எட்டிப் பார்க்கப் போகவே வேண்டாம். பாசி படிந்த ஈரப்பாறையில் வழுக்கினால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

ஜூலை நல்ல தேர்வு. டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல் காலம். 1966 ஜனவரியில் இதே தீவின் மலையில் ஃபோக்ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை பெய்தது, உலகச் சாதனை அது. மே முதல் அக்டோபர் வரை ஓரளவு நம்பலாம். ஆனால் குளிரும். சென்னை ஸ்வெட்டர் போதாது, நல்ல தூக்கப்பை வாங்கு.

வழி: சலாஸி பக்கமிருந்து கோல் தே பேஃப் கணவாய். காரில் போனால் காவல் போட்ட கட்டண நிறுத்துமிடத்தில் விடு. அங்கிருந்து இறங்கி மார்லா குடியிருப்பு, மார்லாவிலிருந்து த்ருவா ரோஷ். மூட்டையோடு ஐந்து மணி நேரம் வைத்துக்கொள். காலை ஏழு மணிக்கு நடையைத் தொடங்கு. மதியத்துக்குள் மேகம் ஏறிவிடும், ஜூலையில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், மலைச்சுவர்களுக்கு நடுவே வெளிச்சம் அதற்கு முன்னாலேயே போய்விடும். கிளம்புவதற்கு முந்தின நாள் வன இலாகா வெளியிடும் மூடிய பாதைகளின் பட்டியலைப் பார். மார்லாவில் ஒரு ழீத்தில், அதாவது நடைப்பயணிகள் தங்கும் விடுதியில், டீ குடி, இன்று கீழே இறங்குகிறேன், நாளை மதியம் இந்த வழியாக ஏறுவேன் என்று சொல்லிவிட்டுப் போ. வானம் சரியில்லை என்றால் அங்கேயே படுத்துவிடு. அப்படி நான் ஒரு தடவை படுத்திருக்கிறேன், வருத்தமே இல்லை.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனால் போதாது. புதுச்சேரியில் உட்கார்ந்து அவசர எண் 112 அடித்தால் அது இந்தியப் போலீஸுக்குத்தான் போகும். சேன் தெனியிலேயே ஒருவர் கையில் காகிதம் கொடு: எந்தப் பாதை, எங்கே தூக்கம், கூடாரம் என்ன நிறம், மறுநாள் எத்தனை மணிக்குள் போன் வரும், வராவிட்டால் எத்தனை மணிக்கு 112. பள்ளத்துக்குள் பல இடங்களில் போன் எடுக்காது, அதனால் நேரத்தைக் கொஞ்சம் தாராளமாகப் போடு. மலை மீட்புக்கு ஜாந்தார்ம்கள் என்ற பிரெஞ்சுக் காவல் படையினர் ஹெலிகாப்டரில் வருவார்கள். மேகம் மூடியிருந்தால் அதுவும் இறங்க முடியாது, ஒரு ராத்திரி காத்திருக்கும் அளவுக்குத் துணியும் சாப்பாடும் வைத்துக்கொள். அந்தக் காகிதத்தைப் படம் எடுத்து அம்மாவுக்கும் அனுப்பு. ஏறி வந்து சிக்னல் கிடைத்ததும் முதல் போன் அம்மாவுக்கு. இங்கே நாலு மணி என்றால் அங்கே ஐந்தரை, விளக்கேற்றும் முன்னால் உன் குரலைக் கேட்டுவிடுவார்.

கேள்வி: அங்கே அடுப்பு மூட்டிச் சமைக்கலாமா? ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா?
— வாசகர், லா பொஸெஸியோன்

பதில்: விறகு மூட்டாதீர்கள். 2011-இல் மஃபாத்துக்கு மேலே இருக்கும் மாய்தோ மலைப் பக்கம் பிடித்த தீ 2,500 ஹெக்டேருக்கு மேல் எரித்தது, அந்தக் கருகிய சரிவை நான் பார்த்திருக்கிறேன். புளிசாதம், தேங்காய்த் துவையல் தடவிய ரொட்டி போதும். தண்ணீரை வடிகட்டுங்கள் அல்லது காய்ச்சுங்கள். சின்ன கேஸ் அடுப்பு அதற்கு உதவும். தீவில் எலிக்காய்ச்சல் உண்டு. காலில் வெட்டுக்காயம் இருந்தால் ஆற்றில் இறங்காதீர்கள். சாப்பாட்டுப் பையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள், எலி துணிப்பையைக் கடித்துவிடும்.

கேள்வி: கணவாயைத் தாண்டியதும் தாமரேன் (பிரெஞ்சில் புளி) சமவெளி என்று பலகை இருக்கிறதே, அங்கே புளியமரம் உண்டா?
— வாசகி, சேன் ஆந்த்ரே

பதில்: இல்லை அம்மா. அது கருவேல இனத்தைச் சேர்ந்த மலைமரம். கன்றாக இருக்கும்போது இலை நம் புளிய இலை மாதிரியே சிறுசிறு இணுக்காக இருக்கும், அதனால் அந்தப் பெயர். வளர்ந்த மரத்தில் நீளத் தட்டை இலைகள் போலத் தெரிபவை விரிந்த காம்புகள். சில கிளைகளில் இரண்டும் சேர்ந்தே நிற்கும், அடுத்த தடவை கையில் எடுத்துப் பாருங்கள். புயலில் சாய்ந்து தரையில் படுத்த மரங்களும் அங்கே நிறைய. படுத்த இடத்திலிருந்தே மேல் நோக்கித் துளிர் விட்டிருக்கும்.