வளவு வீட்டில் ஆச்சிமாருக்குப் பங்கு உண்டா? வாசகர் கேள்விகள்

பள்ளத்தூர் வாசகர்: ஐயா (தாத்தா) கட்டிய, பங்காளிகளுக்குப் பொதுவான வளவு வீட்டில் எங்கள் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) மூன்றில் ஒரு பங்கு. அப்பச்சி 1998-ல் தவறிவிட்டார்கள், ஆத்தாவும் இல்லை. இரண்டு ஆச்சிமாருக்கும் (அக்காமாருக்கும்) 1984, 1986-ல் சீர்வரிசையோடு கல்யாணம் முடிந்தது. இப்போது வீட்டை விலை கேட்டு வந்திருக்கிறார்கள். ஆண்மக்கள் இருவரும் கையெழுத்துப் போட்டால் போதாதா?

போதாது. 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாடு மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு கொடுத்தது. ஆனால் அதற்கு முன்பே மணமானவர்களை விலக்கி வைத்தது. ஊரில் பலர் இன்றும் அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 2005 செப்டம்பர் 9-ல் வந்த மத்தியத் திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. குடியிருக்கும் வீட்டை ஆண்கள் பிரித்தால்தான் பெண் தன் பங்கைப் பிரித்துக் கேட்கலாம் என்றிருந்த 23-ஆம் பிரிவையும் அதே திருத்தம் எடுத்துவிட்டது. திருத்தம் வந்த அன்று தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்ட் 11-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவு செய்த பாகப்பத்திரம் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பாணை மூலமோ சொத்து பிரிந்திருந்தால் கதை வேறு. இரும்புப் பெட்டியில் கிடக்கும், பதிவாகாத கூர்சீட்டு (பாகம் பிரித்து எழுதிய சீட்டு) அந்தக் கணக்கில் வராது. சீர் வாங்கியதாலேயே பங்கை விட்டுக்கொடுத்ததாக ஆகாது.

ஆக, அப்பச்சி பங்கு நான்காகிறது. ஆச்சிமார் தம்பிகளுக்கே விட்டுக்கொடுக்க நினைத்தால் விடுதலைப் பத்திரம் போடலாம். 2023 ஜூலை முதல் குடும்பத்துக்குள் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. உடன்பிறந்தார் இந்தச் சலுகைக்குள் வருவார்கள். நாலு தலைமுறை தள்ளிய பங்காளி வரமாட்டார்; அங்கே செலவு பல மடங்கு. விற்கத்தான் போகிறீர்கள் என்றால் இந்தச் செலவே வீண். நான்கு பேரும் நேராகக் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட்டு, அவரவர் பணத்தை அவரவர் வங்கிக் கணக்கில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தேவகோட்டை வாசகர்: வாங்கும் வீட்டில் ஒரு பங்குதாரர் மலேசியாவில் குடியிருக்கிறார். அவர் பங்கு 40 லட்சம். 50 லட்சத்துக்குக் கீழே என்பதால் வரி பிடிக்க வேண்டாம் என்கிறார் தரகர்.

தரகர் சொல்லும் 50 லட்ச வரம்பு உள்ளூரில் வசிக்கும் விற்பனையாளருக்கானது; அங்கும் பார்ப்பது மொத்த விலையை, ஒருவர் பங்கை அல்ல. வெளிநாட்டில் வசிப்பவர் விற்றால் வரம்பே கிடையாது. 2024 ஜூலை 23 முதல் நீண்டகால ஆதாய வரி 12.5 சதவீதம், 4 சதவீத செஸ் சேர்த்தால் 13. முழுத் தொகைக்கும் பிடித்தால் 5,20,000 ரூபாய். உண்மையான ஆதாயம் இதைவிடக் குறைவு என்றால், விற்பவர் கிரயத்துக்கு முன்பே வருமானவரித் துறையில் குறைந்த விகிதச் சான்று வாங்கிக் கொடுக்க வேண்டும். பழைய வீட்டுக்கு அடக்கவிலையாக 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை எடுக்கலாம். ஆனால் அது அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக்கூடாது. பிடிக்காமல் விட்டால் வட்டியோடு நோட்டீஸ் வருவது வாங்கிய உங்களுக்கு.

அவர் வராமல் பவர் எழுதி அனுப்புகிறார் என்றால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கச் சொல்லுங்கள். பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். தபால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். வந்த தேதிக்கு அதுதான் ஆதாரம்.

காரைக்குடி வாசகர்: 11 மாத ஒப்பந்தம், 10 மாத அட்வான்ஸ் என்று மாடியை வாடகைக்கு விடுகிறேன். இது செல்லுமா?

11 மாதம் என்று எழுதியது சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகாமல் இருக்கத்தான் உதவும். 2019 பிப்ரவரி 22-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி எத்தனை மாத ஒப்பந்தமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். இணையத்திலேயே செய்துவிடலாம். அட்வான்ஸுக்குச் சட்டம் வைத்திருக்கும் அளவு 3 மாத வாடகை. காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கியைக் கழித்துக்கொண்டு திருப்பித் தர வேண்டும். வாடகை பாக்கி என்று மோட்டாரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது கூடவே கூடாது. நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அதோடு போய்விடும்.

ஆத்தங்குடி வாசகர்: கல் பட்டறையில் 14 பேர். எட்டு வருடம் வேலை பார்த்தவர் நின்றுவிட்டார். மாதக் கடைசியில் கணக்கு முடிக்கலாமா?

2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, தானாக நின்றாலும் நீங்கள் நிறுத்தினாலும் இரண்டு வேலை நாளுக்குள் சம்பள பாக்கியைக் கொடுத்தாக வேண்டும். 10 பேருக்கு மேல் இருப்பதால் பணிக்கொடையும் உண்டு: கடைசி மாதச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, வருடத்தால் பெருக்குங்கள். 15,000 சம்பளத்துக்கு எட்டு வருடத்தில் ஏறத்தாழ 69,230 ரூபாய். இதற்கு மட்டும் 30 நாள் அவகாசம். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துப் படியை ஏற்றிக் காட்டும் பழைய வித்தை இனிச் செல்லாது. படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் சம்பளமாகவே கணக்காகும். மீதி 13 பேருக்கும் பணி நியமனக் கடிதம் கொடுத்தீர்களா? அதுவும் இப்போது கட்டாயம்.