தொட்டிக்குள் இறங்கு என்றால் மறுக்கலாமா?

கேள்வி: அரசு அலுவலகக் கட்டடத்தில் ஒப்பந்தக்காரர் மூலம் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். செப்டிக் டேங்கிலும் இறங்கச் சொல்கிறார்கள். மறுக்கலாமா?

பதில்: தாராளமாக மறுக்கலாம். குழாய் வாஷர், டியூப்லைட் மாற்றுவது, கதவுக் கீலைச் சரிசெய்வது, எலக்ட்ரீஷியனுக்கும் பிளம்பருக்கும் ஹெல்ப்பராக நிற்பது, இவைதான் பொதுவாக உங்களைப் போன்ற அரைத்திறன் (ஓரளவு பயிற்சி பெற்ற) பராமரிப்புத் தொழிலாளியின் வேலை. மெயின் மின் பேனலைக்கூட லைசென்ஸ் உள்ளவர்தான் திறக்க வேண்டும். அப்புறம், டேங்க் மூடியைத் திறந்ததும் நாற்றம் அடங்கிவிட்டதே என்று நம்பி இறங்கிவிடாதீர்கள், உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷ வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் வாசனையே தெரியாது, அதற்குள் ஆள் மயங்கி விழுந்துவிடுவார். பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்குவது கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், உயிர் போனால் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கழிவுநீர் லாரியை வரவழைக்கச் சொல்லி பொறியாளரிடம் எழுதிக் கொடுங்கள். நகல் உங்களிடம் இருக்கட்டும்.