விளக்கி முடிப்பதற்குள் நானே செய்துவிடலாமே?

கேள்வி: வீட்டு அலங்காரப் பொருட்களை இணையத்தில் விற்கும் சிறு நிறுவனம் நடத்துகிறேன். ஆர்டர் விசாரணை, புகார், இன்வாய்ஸ், சப்ளையர்களுக்கு நினைவூட்டல், சந்திப்பு நேரம் ஒதுக்குவது என்றே நாள் போய்விடுகிறது. தொழிலை வளர்ப்பது பற்றி யோசிக்க நேரமே இல்லை. போன வருடம் ஒரு விர்ச்சுவல் அசிஸ்டென்டை, அதாவது வேறு இடத்திலிருந்து இணையம் வழியாக வேலை செய்யும் உதவியாளரை, வைத்தேன். நல்லவர்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் என்னையே கேட்டார். விளக்கி முடிப்பதற்குள் நானே செய்துவிடலாம் என்று தோன்றி, ஒரு மாதத்தில் நிறுத்திவிட்டேன். மறுபடியும் முயலலாமா? முகம் பார்க்காத ஒருவரிடம் மின்னஞ்சல், வங்கி பாஸ்வேர்டுகளை எப்படிக் கொடுப்பது?

பதில்: தாராளமாக முயலலாம். ஆனால் ஆளைத் தேடுவதற்கு முன் ஒரு விஷயத்தைப் பேசிவிடுவோம். "ஒவ்வொன்றுக்கும் என்னையே கேட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் ஏன் கேட்டார்? பொருள் உடைந்து வந்ததாக ஒருவர் எழுதுகிறார். புதிதாக அனுப்புவதா, பணத்தைத் திருப்பித் தருவதா, முதலில் படம் கேட்பதா? இதற்கான பதில் உங்கள் தலைக்குள் மட்டும் இருந்தது. பதில் எழுதும் வேலையைக் கொடுத்தீர்கள். எந்த அளவு வரை அவரே முடிவெடுக்கலாம் என்பதைக் கொடுக்கவில்லை. அந்த நிலையில் யாரை வைத்தாலும் உங்களிடம்தான் வந்து நிற்பார்கள். நல்ல ஆள் என்றால் இன்னும் அதிகமாகவே கேட்பார், ஏனென்றால் அவருக்குத் தப்பாகச் செய்துவிடக் கூடாது என்ற அக்கறை இருக்கும்.

அதனால் முதல் வேலை, பத்து வேலை நாட்களுக்கு ஒரு குறிப்பு எழுதுவது. செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் மூன்று விஷயம் போதும்: என்ன வேலை, எத்தனை நிமிடம், அதில் நீங்கள் எடுத்த முடிவு என்ன. இந்த மூன்றாவதைப் பெரும்பாலானவர்கள் எழுதுவதில்லை. உண்மையில் அதற்காகத்தான் இந்தக் குறிப்பே. பத்து நாள் கழித்துப் பார்த்தால், முடிவே தேவைப்படாத வேலைகள் கொஞ்சம் இருக்கும்: இன்வாய்ஸ் அனுப்புவது, பார்சல் எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது போன்றவை. முடிவு தேவைதான், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிதான் முடிவெடுத்திருக்கிறீர்கள் என்பவை அதைவிட நிறைய இருக்கும். இந்த இரண்டும் உதவியாளருக்குப் போகலாம். எந்தப் பொருளை நிறுத்துவது, எந்த சப்ளையரை மாற்றுவது என்பதெல்லாம் உங்களிடமே இருக்கட்டும்.

இன்னொன்றும் கண்ணில் படும். ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்திருக்கும். பொருளின் நீள அகலத்தை வாரம் இருபது பேர் கேட்கிறார்கள் என்றால், அதற்குப் பதில் எழுத ஆள் தேவையில்லை. பொருளின் பக்கத்தில் அளவைத் தெளிவாகப் போட்டால் போதும். இல்லாமல் போக வேண்டிய வேலையை இன்னொருவருக்குச் சம்பளம் கொடுத்துச் செய்யச் சொல்வது வீண். முதலில் அதை அகற்றிவிட்டு, மிச்சம் எத்தனை மணி நேரம் என்று கூட்டிப் பாருங்கள். வாரம் ஆறு மணி நேரம் வந்தால், ஒன்பது மணி நேரத்துக்கு ஆள் எடுங்கள். புதியவருக்கு உங்கள் வேகம் உடனே வராது. முழுநேர ஆளை முதல் நாளே எடுக்க வேண்டாம்; கொடுக்க வேலை இல்லாமல் கண்டதையும் கொடுப்பீர்கள், அதைச் சரிபார்க்கவே உங்கள் நேரம் போகும்.

இப்போது முடிவுகளை விதிகளாக எழுதும் பகுதி. இதற்கு நான் அதிக இடம் கொடுக்கிறேன், ஏனென்றால் நான் பார்த்தவரை முயற்சி கைகூடுவதும் கைவிட்டுப் போவதும் இங்கேதான். உடைந்த பொருள் விவகாரத்தையே எடுத்துக்கொள்வோம். "முதலில் படம் கேட்க வேண்டும். பொருளின் விலை நான் சொன்ன தொகைக்குள் இருந்தால், என்னைக் கேட்காமலேயே மாற்றுப் பொருள் அனுப்பலாம். அதைத் தாண்டினால் எனக்கு அனுப்ப வேண்டும். அதே வாடிக்கையாளர் இரண்டாவது முறை புகார் செய்தால், தொகை எதுவானாலும் எனக்கு வர வேண்டும்." நாலு வரிதான். ஆனால் இந்த நாலு வரி இருந்தால், பத்துப் புகாரில் எட்டு உங்கள் பக்கமே வராமல் முடிந்துவிடும். அந்தத் தொகையை எவ்வளவு வைப்பது? அவர் தவறாக முடிவெடுத்து அந்தப் பணம் போனாலும் உங்களுக்கு அன்று இரவு தூக்கம் கெடாது என்கிற தொகை. நம்பிக்கை வளர வளர அதை உயர்த்திக்கொள்ளலாம்.

இதையெல்லாம் உட்கார்ந்து எழுத நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நீங்கள் எழுத வேண்டாம். வேலையை வழக்கம்போலச் செய்யும்போது ஸ்க்ரீன் ரெக்கார்டிங் போட்டுவிட்டு, செய்வதை வாயால் சொல்லிக்கொண்டே போங்கள். லூம் போன்ற கருவிகள் இருக்கின்றன. கணினியிலேயே உள்ள வசதியும் போதும். அந்தப் பதிவைப் பார்த்து உதவியாளர் படிப்படியாக ஒரு கையேடாக எழுதட்டும், நீங்கள் திருத்துங்கள். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். அப்புறம் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: அவர் கேட்கும் எந்தக் கேள்விக்கும் நீங்கள் சொன்ன பதிலை, அவரே அன்றைக்கே அந்தக் கையேட்டில் சேர்க்க வேண்டும். கேள்வி கேட்பதில் தவறில்லை. அதே கேள்வி இரண்டாவது முறை வருவதுதான் பிரச்சினை. முந்தைய உதவியாளரோடு நடந்த சாட் உங்கள் போனில் இன்னும் இருந்தால் திறந்து பாருங்கள். தொல்லை என்று நினைத்த அத்தனை கேள்விகளும் அங்கே வரிசையாக இருக்கும். புதிய கையேட்டின் முதல் வரைவே அதுதான்.

ஆளை எங்கே தேடுவது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தெரிந்தவர்கள் பரிந்துரை நல்ல தொடக்கம். ஏஜென்சி மூலம் எடுத்தால் ஆள் விடுப்பில் போனாலும் மாற்று ஆள் கிடைக்க வாய்ப்புண்டு, ஆனால் செலவு கூடும். இல்லையென்றால் அப்வொர்க் போன்ற தளங்கள். எலான்ஸ், ஓடெஸ்க் என்ற இரண்டு தளங்கள் ஒன்றுசேர்ந்து, 2015-இல் இந்தப் பெயருக்கு மாறின. அங்கே மணிக்கணக்கு ஒப்பந்தத்தில் உதவியாளரின் திரையைப் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் படம் எடுத்து வைக்கும் வசதி உண்டு. பணத் தகராறு வந்தால் அது உதவும். ஆனால் தினமும் அந்தப் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தால், மிச்சப்படுத்திய நேரம் அதிலேயே கரைந்துவிடும். முடிந்த வேலையைப் பாருங்கள்.

நேர்காணலில் நன்றாகப் பேசுகிறாரா என்பதைவிட, ஒரு சிறு சோதனை அதிகம் சொல்லும். உங்களுக்கு வந்த ஐந்து மின்னஞ்சல்களை எடுத்து, பெயரும் எண்ணும் நீக்கி, பதில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒன்றில் வேண்டுமென்றே ஒரு முக்கியமான தகவலை விட்டுவிடுங்கள். சிலர் ஊகித்து அழகாக எழுதி அனுப்புவார்கள். சிலர் "இதில் ஆர்டர் எண் இல்லை, எங்கே பார்க்கலாம்?" என்று கேட்பார்கள். இரண்டாமவரை எடுங்கள். இந்தச் சோதனைக்கு அவர் செலவிடும் நேரத்துக்குப் பணம் கொடுத்துவிடுங்கள். இலவசமாக வேலை வாங்கித் தொடங்கும் உறவு நல்லபடியாகப் போய் நான் பார்த்ததில்லை.

சரி, பாஸ்வேர்டு. உங்கள் பயம் நியாயமானது. முடிந்தவரை பாஸ்வேர்டைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஜிமெயிலில் கணக்கை இன்னொருவரின் பொறுப்பில் விடும் வசதி அமைப்புகளிலேயே இருக்கிறது. அவர் தன் சொந்தக் கணக்கிலிருந்தபடியே உங்கள் மின்னஞ்சலைப் படிக்கலாம், பதில் அனுப்பலாம், அழிக்கலாம். உங்கள் பாஸ்வேர்டு அவருக்குத் தெரியாது, அதை மாற்றவும் முடியாது. வேண்டாம் என்றால் அந்த அனுமதியை நீங்களே எடுத்துவிடலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: அனுமதி கொடுத்தால் பழைய மின்னஞ்சல்களும் அவருக்குத் தெரியும். மருத்துவ அறிக்கை, குடும்ப விஷயம், தொழில் எல்லாம் ஒரே முகவரிக்கு வருகிறதென்றால், முதலில் தொழிலுக்குத் தனி முகவரி உருவாக்குங்கள். கூகுள் காலண்டரிலும் பார்க்க மட்டும், மாற்றவும் என்று தனித்தனியாக அனுமதி தரலாம். ஃபேஸ்புக் பக்கத்துக்கும் முழுக் கட்டுப்பாட்டைக் கொடுக்காமல் குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டும் அனுமதி தர முடியும்.

வாட்ஸ்அப்பில் கூடுதல் எச்சரிக்கை தேவை. உங்கள் எண்ணை அவர் கணினியில் இணைத்தால், வாடிக்கையாளர் பேச்சோடு சொந்தக்காரர்கள் பேச்சும் அங்கே போய்ச் சேரும். எனவே தொழிலுக்குத் தனி எண் வைத்து, அதை மட்டும் இணையுங்கள்.

சில தளங்களில் இப்படித் தனி அனுமதி தரும் வசதி இருக்காது. அங்கே பிட்வார்டன், ஒன்பாஸ்வேர்டு போன்ற பாஸ்வேர்டு மேனேஜர் (பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் செயலி) வழியாகப் பகிருங்கள். பாஸ்வேர்டு தெரியாதபடி மறைத்துப் பகிரலாம்தான். ஆனால் உள்ளே நுழைய முடிந்தவர் முயன்றால் அதைக் கண்டுபிடிக்கவும் வழியுண்டு. அதனால் அவர் விலகும் நாளில் பகிர்ந்த பாஸ்வேர்டுகளை எல்லாம் மாற்றிவிட வேண்டும். போன வருடம் நிறுத்தியவருக்குக் கொடுத்த அனுமதிகள் இன்னும் திறந்திருக்கின்றனவா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

வங்கி விஷயத்தில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இன்வாய்ஸ் தயாரிக்கலாம், யார் பாக்கி என்று பட்டியல் எடுக்கலாம், நினைவூட்டல் அனுப்பலாம். பணத்தை அனுப்பும் ஒப்புதல் உங்கள் விரலில் இருக்கட்டும். பல வங்கிகளின் வணிகக் கணக்குகளில், ஒருவர் பரிவர்த்தனையைப் பதிவு செய்ய, இன்னொருவர் ஒப்புதல் தரும் முறை இருக்கிறது. உங்கள் வங்கியில் கேளுங்கள். உங்கள் போனுக்கு வரும் ஓடிபியை எந்த அவசரத்திலும் அவருக்குச் சொல்லாதீர்கள். கையேட்டின் முதல் பக்கத்திலேயே இதையும் எழுதிவையுங்கள்: "எங்கள் வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது, இனி இதற்கு அனுப்புங்கள்" என்று சப்ளையர் பெயரில் மின்னஞ்சல் வந்தால், அதில் உள்ள எண்ணுக்குப் போன் செய்யக் கூடாது, ஏற்கெனவே நம்மிடம் உள்ள பழைய எண்ணுக்குப் பேசி உறுதி செய்த பிறகுதான் எதையும் மாற்ற வேண்டும். தொழில் நடத்துபவர்களை ஏமாற்றுகிறவர்கள் அதிகம் கையாளும் வழிகளில் இது ஒன்று. உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், புதியவருக்குத் தெரிந்திருக்காது.

ஒரு பக்க ஒப்பந்தமும் வேண்டும்: ரகசியம் காப்பது, அவர் தயாரித்தவை யாருக்குச் சொந்தம், எத்தனை நாள் முன்னறிவிப்பு. வாடிக்கையாளர்களில் ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்தவர்கள் இருந்தால், 2018 மே மாதம் முதல் அங்கே நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டம், உங்கள் சார்பில் அவர்களின் தகவலைக் கையாளுபவரோடு எழுத்துபூர்வ ஒப்பந்தம் கேட்கிறது. அவர் ஃப்ரீலான்ஸரா, ஊழியரா என்பதைச் சட்டம் எப்படிப் பார்க்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் கணக்காளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஏஐ கருவிகளில் பதில் எழுதினால் முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள். வாடிக்கையாளரின் பெயர், முகவரி, போன் எண் எதையும் அங்கே போடக் கூடாது.

வேலை தொடங்கியதும் இன்பாக்ஸை ஒரேயடியாகக் கொடுத்துவிடாதீர்கள். முதல் வாரம் மின்னஞ்சல்களை வகை பிரிக்க மட்டும். இரண்டாவது வாரம் பதிலை டிராஃப்டாக எழுதி வைக்கட்டும், அனுப்புவது நீங்கள். ஒரு வகை மின்னஞ்சலில் தொடர்ந்து பத்து டிராஃப்ட் நீங்கள் ஒரு எழுத்தும் மாற்றாமல் போயிருந்தால், அந்த வகையை அன்றிலிருந்து அவரே அனுப்பலாம். அவர் பெயரிலேயே கையெழுத்திடட்டும். உங்களைப் போல நடித்து எழுதச் சொல்வது வாடிக்கையாளருக்கும் நல்லதல்ல, அவருக்கும் நல்லதல்ல. நடுவில் தோன்றும் கேள்விகளைச் சேர்த்து வைத்து, தினம் பதினைந்து நிமிடப் பேச்சில் கேட்கட்டும். வேலை முடியும்போது ஒரு குறிப்பு: முடிந்தவை, காத்திருப்பவை, உங்கள் முடிவு தேவைப்படுபவை. நேர வித்தியாசம் உள்ள நாட்டில் இருந்தாலும் தினம் இரண்டு மணி நேரம் இருவருக்கும் பொதுவாக இருந்தால் சமாளிக்கலாம்.

முதல் நான்கைந்து வாரம் உங்கள் வேலை கூடத்தான் செய்யும். இதை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் போன முறை நீங்கள் கைவிட்டது சரியாக இந்த நேரத்தில்தான். இப்போது வரும் சபலம் ஒன்று உண்டு. இரவு அவர் எழுதிய பதிலைப் பார்ப்பீர்கள், பிடிக்காது, நீங்களே திருத்தி அனுப்பிவிடுவீர்கள். அவருக்கு அது தெரியவே தெரியாது. மறுநாளும் அதே மாதிரி எழுதுவார், நீங்களும் அதே மாதிரி திருத்துவீர்கள். பத்து நாளில் அந்த வேலை சத்தமில்லாமல் உங்களிடமே திரும்பி வந்திருக்கும். தவறு நடந்தால் கையேட்டைத் திறந்து பாருங்கள். அங்கே எழுதியிருந்தும் கவனிக்கவில்லை என்றால் அன்றைக்கே சொல்லுங்கள். எழுதவே இல்லை என்றால் ஒரு வரி சேருங்கள். எழுதிய பிறகும் அதே தவறு மூன்றாவது முறை வந்தாலோ, ஒரு தவறை அவர் உங்களிடம் மறைத்தாலோ, அந்த நான்கைந்து வாரம் முடியும் வரைகூடக் காத்திருக்காமல் அவரை நிறுத்திவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. அந்த முந்தைய உதவியாளர் நல்லவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மனக்கசப்பு இல்லாமல் பிரிந்திருந்தால், புதிய ஆளைத் தேடுவதற்கு முன் அவரிடம் ஒரு முறை பேசிப் பாருங்கள். உங்கள் பொருட்களும் வாடிக்கையாளர்களும் அவருக்கு ஏற்கெனவே பழக்கம். பேசும்போது அந்த நாலு வரி விதி மாதிரி ஐந்தாறு விதிகளை எழுதிக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.