விற்ற போன் திரும்பாதா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எஸ்டேட்டில் இருக்கும் அப்பாவுக்காக, சேலம் ஐந்து ரோடு அருகே ஒரு கடையில் 14,999 ரூபாய்க்கு போன் வாங்கினேன். "பி.எஸ்.என்.எல். சிம்தான் போடுவோம், மலையில் 4ஜி எடுக்கணும்" என்று சொல்லித்தான் கேட்டேன். "எல்லா சிம்மும் எடுக்கும் சார்" என்று அவர்களே இந்த மாடலை எடுத்துக் கொடுத்தார்கள். மேலே போனால் 2ஜி மட்டும்தான் வருகிறது. ஆறாம் நாள் திரும்பக் கொண்டுபோனால், பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்ப எடுக்கப்பட மாட்டாது' என்றிருக்கும் வரியைக் காட்டுகிறார்கள். ஆக்டிவேட் ஆகிவிட்டதாம், ஜி.எஸ்.டி. போட்டாகிவிட்டதாம். என்ன செய்வது? – வாசகர், ஏற்காடு.

பதில்: கடைக்காரரோடு மல்லுக்கட்டும் முன், குற்றம் போனுடையதுதானா என்று பார்த்துவிடுங்கள். பாதி வழக்கு இங்கேயே முடிந்துபோகும்.

அப்பாவின் சிம் பத்து வருஷத்துப் பழைய சிம்மா? அப்படியென்றால் எத்தனை விலையுயர்ந்த போனில் போட்டாலும் 4ஜி வராது. பி.எஸ்.என்.எல். சேவை மையத்தில் ஆதாரைக் காட்டினால் அதே எண்ணுக்கு 4ஜி சிம் மாற்றித் தருவார்கள். அடுத்து, செட்டிங்ஸில் அந்த சிம்முக்கான 'பிரிஃபர்டு நெட்வொர்க் டைப்' எதில் நிற்கிறது என்று பாருங்கள். 2ஜி-யிலோ 3ஜி-யிலோ நின்றால் எல்.டி.இ.க்கு, அதாவது 4ஜி-க்கு மாற்றுங்கள்.

இரண்டும் சரி என்றால், சந்தேகம் பேண்டின் மேல். பி.எஸ்.என்.எல். 4ஜி முக்கியமாக இரண்டு அலைவரிசைகளில் வருகிறது: 700 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 28, 2100 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 1. மேடும் பள்ளமும், காப்பித் தோட்டத்து நிழல் மரங்களுமாக இருக்கும் சேர்வராயன் மலையில் 700-தான் தூரம் போகும். 2100 ஒரு மேட்டைத் தாண்டினாலே மெலிந்துவிடும். சில மாடல்களில் பேண்ட் 28 கிடையாது. ஜியோவின் 4ஜி 850, 1800, 2300-இல் ஓடுவதால், அதே போன் கடையில் ஜியோ சிம்மோடு பிரமாதமாக வேலை செய்திருக்கும். விற்பனையாளர் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை, தெரியாமலும் சொல்லியிருக்கலாம். சட்டத்துக்கு அந்த வித்தியாசம் பெரிதில்லை.

செட்டிங்ஸில் 'அபௌட் போன்' பகுதியில் இருக்கும் முழு மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, பிராண்டின் இணையதளத்தில் அந்த எண்ணுக்கான விவரப் பக்கத்தைத் திறங்கள். பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். ஒரே பெயரில் நாட்டுக்கு ஒரு வகை விற்கிறார்கள். எல்.டி.இ. வரிசையில் பி28, அதாவது பேண்ட் 28, இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 5ஜி வரிசையில் என்28 இருப்பதைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். அது வேறு, இது வேறு. பிறகு பி28 உள்ள இன்னொரு போனில் அதே சிம்மை, எஸ்டேட்டில் அதே இடத்தில் போட்டுப் பாருங்கள். அதில் 4ஜி வந்து, உங்களுடையதில் வராவிட்டால், இரண்டு திரைகளும் ஒரே படத்தில் விழும்படி எடுத்து வையுங்கள்.

இனி சட்டம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் 'குறைபாடு' என்பதற்கு உடைசல், பழுது என்று மட்டும் பொருள் சொல்லவில்லை. பிரிவு 2(10)-இன்படி, விற்பவர் எந்த விதத்திலாவது சொல்லிக்கொண்ட தரத்துக்குப் பொருள் குறைந்திருந்தாலும் அது குறைபாடுதான். குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், பணம் தர மறுப்பது பிரிவு 2(47)-இன்படி முறையற்ற வணிக நடைமுறை. பில்லின் அடியில் அச்சடித்த ஒரு வரி சட்டத்தை ரத்து செய்யாது.

ஒரு முடிச்சு இருக்கிறது. பொருள் விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 16 'இன்ன வேலைக்கு வேண்டும்' என்று சொல்லி, கடைக்காரரை நம்பி வாங்கியவரைக் காப்பாற்றுகிறது. பிராண்டும் மாடலும் தானே சொல்லிக் கேட்டு வாங்கியவருக்கு அந்தப் பாதுகாப்பு மெலிந்துவிடும். உங்கள் விஷயத்தில் தேவையைச் சொன்னது நீங்கள், மாடலை எடுத்துக் கொடுத்தது அவர்கள். அது உங்கள் பலம். ஆனால் வாய்ப்பேச்சுக்குச் சாட்சி? கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு, சண்டை தொனியே இல்லாமல் இன்றே இப்படி அனுப்புங்கள்:

"வணக்கம். இத்தனையாம் தேதி, இந்த எண் பில்லில் போன் வாங்கினேன். ஏற்காட்டில் பி.எஸ்.என்.எல். 4ஜி எடுக்க வேண்டும் என்று கேட்டபோது எடுக்கும் என்று சொல்லி இந்த மாடலைக் கொடுத்தீர்கள். இதில் பேண்ட் 28 இல்லை, 4ஜி எடுக்கவில்லை. மாற்றியோ பணமாகவோ தாருங்கள்."

"நாங்க அப்படிச் சொல்லவே இல்லை" என்று பதில் வராமல், "ஆக்டிவேட் ஆயிடுச்சு சார், கம்பெனியில எடுக்க மாட்டாங்க" என்று வந்தால், உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

ஆக்டிவேட் ஆன போனைக் கம்பெனி திரும்ப வாங்காது என்பது உண்மையாகவே இருக்கலாம். அது கடைக்கும் கம்பெனிக்கும் உள்ள கணக்கு. ஜி.எஸ்.டி. சாக்கு அதைவிடச் சொத்தை. பொருள் திரும்பி வந்தால் கடை 'கிரெடிட் நோட்' என்ற வரவுச் சீட்டைப் போட்டு, கட்டிய வரியைக் கணக்கில் சரிசெய்துகொள்ள மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் பிரிவு 34 வழி வைத்திருக்கிறது. அடுத்த நிதியாண்டின் நவம்பர் 30 வரை அவகாசமும் உண்டு. இதைக் கடையின் கணக்குப்பிள்ளையிடம் சொல்லுங்கள், கவுண்டரில் நிற்கும் பையனிடம் அல்ல.

ஒரு வாரம் பார்த்துவிட்டு, 15 நாள் அவகாசம் கொடுத்து ஒரு கடிதத்தை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள், தமிழிலேயே பேசலாம். அவர்கள் தீர்ப்பு சொல்கிறவர்கள் இல்லை, சமரசம் பேசுகிறவர்கள். பெரிய சங்கிலிக் கடைகள் அதற்கே இறங்கி வரும், தெருமுனைக் கடை அசையாமலும் இருக்கும். அசையவில்லை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ருதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே மனுவை ஏற்றலாம். கடையை மட்டுமல்ல, தயாரிப்பு நிறுவனத்தையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டியே வாய்தா ஓடும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

நடுவில் கடைக்காரர் "வேற மாடல் எடுத்துக்கோங்க, வித்தியாசத்தைக் கட்டுங்க" என்று வந்தால் தள்ளிவிடாதீர்கள். பி28 உள்ள மாடலாக இருந்து, பழைய போனை முழு விலைக்கு எடுத்துக்கொண்டால், ஆணையத்துக்கு அலைவதைவிட அது மேல். 'யூஸ்டு' என்று இரண்டாயிரம் கழிக்கப் பார்த்தால் மட்டும் சம்மதிக்காதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு வாங்கிய போன் கைக்கு அடங்கவில்லை, கனமாக இருக்கிறது என்கிறார். இரண்டே நாள்தான் ஆகிறது, ஒரு கீறல் இல்லை. கடையில் மறுக்கிறார்கள். இதற்கும் வழக்குப் போடலாமா? – வாசகி, அம்மாப்பேட்டை.

பதில்: போடலாம், தோற்பீர்கள். கடையில் நேரில் வாங்கிய நல்ல பொருளைப் பிடிக்கவில்லை என்று திருப்பித் தரும் உரிமை நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. சில கடைகள் தாங்களாகவே கொடுக்கும் சலுகை அது. பில்லிலோ சுவரிலோ எழுதியிருந்தால் மட்டும் பிடித்துக் கேட்கலாம். இங்கே கடைக்காரர் கொஞ்சம் கழித்துக்கொண்டு மாற்றித் தருகிறேன் என்றால் அது நியாயமான பேரம். அடுத்த முறை அம்மாவையே கடைக்கு அழைத்துப்போய் டெமோ போனைக் கையில் கொடுங்கள். பரிசாகத்தான் தர வேண்டும் என்றால் சீலை உடைக்காமல் தாருங்கள். சீல் இருக்கும்வரை பேச இடம் உண்டு.

கேள்வி: வாங்கிய 12-ஆம் நாளிலிருந்து போன் தானாக ஆஃப் ஆகி ஆன் ஆகிறது. கடையில் சர்வீஸ் சென்டருக்குப் போகச் சொன்னார்கள். அங்கே மூன்று முறையும் சாஃப்ட்வேர் ஏற்றிக் கொடுத்துவிட்டார்கள். மறுபடியும் அதே கதைதான். – வாசகர், கொண்டலாம்பட்டி.

பதில்: அந்த மூன்று தடவைக்கும் ஜாப் ஷீட், அதாவது போனை வாங்கிக்கொண்டு சர்வீஸ் சென்டர் தரும் சீட்டு, கையில் இருக்கிறதா? உங்கள் வழக்கின் உயிர் அதில்தான். ஜாப் ஷீட்டில் 'வாடிக்கையாளர் கூறும் குறை' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் பெரும்பாலும் 'சாஃப்ட்வேர் அப்டேட்' என்று எழுதிவிடுவார்கள். படித்தால், போன் நன்றாக இருந்தது, நீங்கள்தான் அப்டேட் கேட்டு வந்தீர்கள் என்பதுபோல் இருக்கும். 'தானாக ரீஸ்டார்ட் ஆகிறது, ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை, நான்காம் முறையாக வந்துள்ளது' என்று இந்த முறை எழுதினால்தான் போனைக் கொடுப்பேன் என்று நில்லுங்கள். வாங்கிக்கொண்டு ஷீட் தராவிட்டால் அங்கேயே நின்று மெயில் அனுப்புங்கள்.

கொடுக்கும் முன் போன் ரீஸ்டார்ட் ஆவதை வீடியோ எடுங்கள், அதில் *#06# அழுத்தி வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணும் (போனின் தனி அடையாள எண்) தெரியட்டும். சிம் டிரேயைக் கழற்றி உள்ளே ஒரு படம் எடுங்கள். பல போன்களில் அங்கே ஈரம் காட்டும் சிறு ஒட்டி இருக்கும். தண்ணீர் பட்டால் வெள்ளை சிவப்பாகும். 'வாட்டர் டேமேஜ்' என்று பின்னால் சொன்னால், கொடுத்தபோது வெள்ளையாக இருந்ததற்கு அந்தப் படம் சாட்சி. வீடியோ எடுத்த பிறகு பேக்கப் எடுத்து, கூகுள் கணக்கை நீக்கி, யு.பி.ஐ. செயலிகளை அழித்துவிட்டுக் கொடுங்கள்.

சில பிராண்டுகள் முதல் சில நாட்களுக்குள் வரும் பழுதுக்கு 'டி.ஓ.ஏ.' (டெட் ஆன் அரைவல், வரும்போதே பழுது) சான்று கொடுத்துப் புதுப் போனே தரச் சொல்கின்றன. அந்த நாள் கணக்கு பிராண்டுக்கு பிராண்டு மாறும். உங்கள் 12-ஆம் நாள் அதைத் தாண்டியிருக்கலாம். அதனால் உரிமை போய்விடாது. எல்லா ஷீட்டையும் இணைத்து, கடைக்கும் நிறுவனத்துக்கும் சேர்த்து மாற்றுப் போனோ முழுப் பணமோ கேட்டு எழுதுங்கள். ஆணையம் வரை போய், பழுது இருக்கிறதா என்பதே தகராறானால், பிரிவு 38-இன்படி போனைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பச் சொல்லலாம். ஆகவே இடையில் வெளிக் கடையில் கொடுத்துத் திறந்துவிடாதீர்கள். திருகைத் தொட்டுவிட்டார்கள் என்றால் பழி உங்கள் மேல் விழும்.

கேள்வி: தவணையில் எடுத்த போன் பழுது. திருப்பித் தரும்வரை இ.எம்.ஐ. கட்டுவதை நிறுத்தலாமா? – வாசகர், சூரமங்கலம்.

பதில்: நிறுத்தவே நிறுத்தாதீர்கள். போன் விற்றது கடை, கடன் கொடுத்தது நிதி நிறுவனம். இரண்டும் தனித்தனி ஒப்பந்தம். தவணை தவறினால் சிபில் மதிப்பெண் விழும், சில நிறுவனங்கள் போனையே லாக் செய்ததும் உண்டு, அபராதக் கட்டணம் வேறு. கடை போனைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சம்மதித்தால், கடன் ரத்து ஆனதற்கான கடிதத்தை நிதி நிறுவனத்திடமிருந்து வாங்காமல் போனைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். போனைக் கொடுத்துவிட்டு ஆறு மாதம் தவணை கட்டுகிறவர்கள் இந்தக் காகிதத்தை விட்டவர்கள்தான். புராசஸிங் கட்டணத்தையும், கட்டிய தவணைகளையும் மனுவில் நஷ்டமாகக் காட்டலாம்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கினேன். 'ரீப்ளேஸ்மெண்ட் மட்டும், ரீஃபண்ட் இல்லை' என்கிறார்கள். வந்த போனின் வாரண்டி மூன்று மாதம் முன்பே தொடங்கியிருக்கிறது. – வாசகி, அஸ்தம்பட்டி.

பதில்: வாரண்டி முன்பே ஓடத் தொடங்கியிருந்தால், அந்த போனை யாரோ ஒருமுறை ஆன் செய்திருக்கிறார்கள் என்றே சந்தேகப்பட வேண்டும், திருப்பி வந்ததாகவோ டெமோவாகவோ இருக்கலாம். பிராண்டின் தளத்தில் ஐ.எம்.இ.ஐ. போட்டு வரும் வாரண்டி பக்கத்தைத் தேதி தெரியும்படி படம் எடுங்கள். பெட்டியில் அச்சிட்ட எண்ணும் *#06#-இல் வரும் எண்ணும் ஒன்றா என்றும் பாருங்கள். அந்த எண் கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்றறிய, ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, பிறகு 15 இலக்க எண் என அடித்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள்.

மின்வணிக விதிகள் 2020-இன்படி, விளம்பரப்படுத்திய தன்மையில் இல்லாத பொருளைத் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. 'புதியது' என்று விற்றுப் பயன்படுத்தியதை அனுப்பினால் அது இந்த வகைதான். அவர்களுடைய 'ரீப்ளேஸ்மெண்ட் மட்டும்' கொள்கை இதற்கு மேல் நிற்காது. தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் அவர் கடமைப்பட்டவர். தீரவில்லை என்றால், விற்றவர் பெங்களூரிலோ டெல்லியிலோ இருந்தாலும் நீங்கள் அங்கே ஓட வேண்டியதில்லை. 2019 சட்டம் புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே மனு போட இடம் தருகிறது, ஆகவே சேலத்திலேயே போடலாம்.