ஆஃப்ரோட் பேக்கேஜ் எடுக்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிக்கப் வாங்கப் போகிறவர்களின் கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கின்றன: ஆஃப்ரோட் பேக்கேஜ், அதாவது மண், கல் பாதைக்கென்று கம்பெனி கூடுதல் காசுக்குத் தரும் பாகங்களின் தொகுப்பு, எடுக்கலாமா? அதனால் இந்த முறை வேறு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

கேள்வி: புது பிக்கப் புக் செய்யப் போகிறேன். ஃபோர் வீல் டிரைவ்தான். வருடத்தில் நாலைந்து முறை மண் பாதையில் போய்க் கூடாரம் போடுவோம். ஆஃப்ரோட் பேக்கேஜையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். தேவையா?

பேக்கேஜுக்குள் என்னென்ன இருக்கிறது என்று எழுதியிருந்தால் நேராகவே பதில் சொல்லியிருப்பேன். நீங்கள் எழுதவில்லை. சரி, பொதுவாகச் சொல்கிறேன். ஆர்டர் ஷீட்டை வரி வரியாகப் படியுங்கள். பிறகு மாட்டவே முடியாதவை, மாட்டினால் கையைக் கடிப்பவை எவை என்று பாருங்கள். பின் அச்சின் டிஃப் லாக் (இரண்டு பின் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டும் லாக்கர்), லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவையோடு போவதற்கான கியர்) உள்ள ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் பெட்டி), அச்சின் கியர் விகிதம் ஆகிய மூன்றும் அந்த வகை. இவற்றில் ஒன்று பேக்கேஜோடுதான் வரும் என்றால் எடுங்கள். டயர், ஷாக் அப்சார்பர், ஸ்கிட் ப்ளேட் (வண்டியின் அடிப்பாகத்தைக் காக்கும் தகடு) எல்லாம் பின்னால் மாட்டிக்கொள்ளலாம். பெரும்பாலும் கம்பெனி தருவதைவிட நல்லதாகவே கிடைக்கும்.

உதாரணத்துக்கு, மூன்றாம் தலைமுறை டொயோட்டா டகோமாவில் டிஆர்டி ஸ்போர்ட், டிஆர்டி ஆஃப்ரோட் என்று இரண்டு மாடல்கள் இருந்தன. ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் பின் லாக்கர் ஆஃப்ரோடில் வந்தது, ஸ்போர்ட்டில் கேட்டாலும் கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் யோசிக்கவே வேண்டாம். மற்றபடி நீங்கள் சொல்கிற நாலைந்து பயணமும் காய்ந்த மண் பாதையில் என்றால், லோ ரேஞ்சும் நல்ல ஆல்-டெரெய்ன் டயரும் (தார் ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவானது) போதும்.

கேள்வி: டூ வீல் டிரைவ் பிக்கப்பில் ஆஃப்ரோட் பேக்கேஜ் எடுத்தால் பிரயோஜனம் உண்டா?

பின் லாக்கர் இருந்தால் கொஞ்சம் உண்டு. இல்லையென்றால் ஸ்டிக்கருக்குத்தான் காசு. செவ்ரலே கொலராடோவில் இசட்71 என்ற ஆஃப்ரோட் பேக்கேஜின் பெயரோடு டூ வீல் டிரைவ் வண்டியும் விற்றார்கள். பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

கேள்வி: லிமிடெட் ஸ்லிப், லாக்கர், பிரேக்கை வைத்துச் செய்யும் ட்ராக்‌ஷன் கன்ட்ரோல் எல்லாம் ஒன்றுதானே? ஷோரூமில் அப்படித்தான் சொன்னார்கள்.

ஒன்றில்லை. சொன்னவர் ஒன்று தெரியாமல் சொல்லியிருக்கிறார், இல்லை அவசரத்தில் சொல்லியிருக்கிறார்.

சாதாரண டிஃபரன்ஷியலில் (அச்சின் இரண்டு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரிக்கும் கியர் அமைப்பு) ஒரு சக்கரத்துக்குப் பிடி போனால் அது சும்மா சுற்றும், அடுத்த சக்கரத்துக்கும் இழுவை வராது. ட்ராக்‌ஷன் கன்ட்ரோல், சுற்றுகிற சக்கரத்தை ஏபிஎஸ் வழியாகப் பிரேக் போட்டுப் பிடித்து மறு சக்கரத்துக்கு இழுவையை அனுப்புகிறது. வேலை செய்யும், ஆனால் சக்கரம் சுற்ற ஆரம்பித்த பிறகுதான். ஆழமான மணலில் அதற்குள் குழி பறித்திருக்கும். நெடுநேரம் வேலை வாங்கினால் பிரேக்கும் சூடேறும்.

லிமிடெட் ஸ்லிப் பெரும்பாலும் கிளட்ச் தட்டுகளால் ஆனது. மழை ரோட்டுக்கும் லேசான சேற்றுக்கும் நல்லது. ஒரு சக்கரம் முழுசாக அந்தரத்தில் தொங்கினால் அதனால் பெரிதாக முடியாது, தட்டுகளும் நாளாவட்டத்தில் தேயும். லாக்கர் என்பது இரண்டு சக்கரத்தையும் ஒரே வேகத்தில் சுற்றவைத்துவிடும். ஒன்று காற்றில் இருந்தாலும் மற்றது தள்ளும். இவை இரண்டுக்கும் நடுவில் ஜிஎம் (செவ்ரலேயின் தாய்க் கம்பெனி) வண்டிகளின் ஜி80 இருக்கிறது. அது சுவிட்ச் இல்லாமல் தானாகப் பூட்டிக்கொள்ளும் மெக்கானிக்கல் லாக்கர். இரு சக்கரங்களுக்கும் இடையே நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்தால் பூட்டும், மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டருக்கு மேல் பூட்டாது.

சுவிட்ச் உள்ள லாக்கரைத் தார் ரோட்டில் போட்டு வளைக்காதீர்கள். பார்ட்-டைம் ஃபோர் வீல் டிரைவையும் (தேவைப்படும்போது மட்டும் போட்டுக்கொள்ளும் வகை) காய்ந்த தார் ரோட்டில் போடாதீர்கள். எத்தனையாவது முறை எழுதுகிறேன் என்று எனக்கே கணக்கில்லை.

கேள்வி: ஆஃப்ரோட் பேக்கேஜோடு அழகுக்காக 22 அங்குல வீலும் சேர்த்து எடுத்தேன். கல் பாதையில் தூக்கித் தூக்கி அடிக்கிறது. முதல் மாதமே ஒரு டயர் பக்கவாட்டில் கிழிந்து, ரிம்மும் நெளிந்துவிட்டது. ஷாக் சரியில்லையா?

ஷாக்கைத் திட்டாதீர்கள். அது பாவம், தன்னால் முடிந்ததைச் செய்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். டயர் அளவில் முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், அடுத்தது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் அங்குலத்தில் ரிம். 265/70 ஆர்17 டயரில் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே நிற்கும் ரப்பர் சுமார் 185 மில்லிமீட்டர். 275/60 ஆர்20 என்றால் 165. 275/50 ஆர்22 என்றால் 140கூட இல்லை. ஆனால் மூன்று டயரின் மொத்த உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான், சுமார் மூன்றரை சென்டிமீட்டர்தான் வித்தியாசம். அதாவது ரிம் வளர்ந்ததால் வண்டி உயரவில்லை. ரப்பரைத் தின்றுதான் ரிம் வளர்ந்திருக்கிறது. கல்லில் ஏறும்போது முதலில் வளைந்துகொடுப்பது அந்தப் பக்கச் சுவர்தான். அது இல்லாவிட்டால் அடி நேராக ரிம்முக்கு, ரிம்மிலிருந்து ஷாக்குக்கு, கடைசியில் உங்கள் முதுகுக்கு.

இதைவிடப் பெரிய நஷ்டம் காற்று விஷயத்தில். மணலிலும் கல் பாதையிலும் காசு செலவில்லாமல் கிடைக்கிற ஒரே ஆஃப்ரோட் சாதனம் காற்றைக் குறைப்பது. 35 பிஎஸ்ஐயிலிருந்து 20 பக்கம் இறக்கினால் டயர் நீளவாக்கில் படிந்து தரையைப் பிடிக்கும், மேடு பள்ளமும் பாதியாகத் தெரியும். 22 அங்குல வீலில் அந்த அளவுக்கு இறக்கினால் ரிம் கல்லில் இடிக்கும். ஆக, லாக்கருக்கும் ஸ்கிட் ப்ளேட்டுக்கும் பணம் கொடுத்துவிட்டு, அவற்றைவிட உபயோகமான ஒன்றை நீங்களே கழற்றிக் கொடுத்திருக்கிறீர்கள்.

கோபம் உங்கள் மேல் மட்டுமில்லை. ஒரே ஆர்டர் ஷீட்டில் மேலே ஆஃப்ரோட் என்று எழுதி, நாலு வரி தள்ளி 20, 22 அங்குல வீலை ஆசை காட்டுகிறார்களே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இவர்களுக்கு விஷயம் தெரியாது என்றும் சொல்ல முடியாது. ஃபோர்டு எஃப்-150 ராப்டர் 35 அங்குல டயரோடு வருகிறது, ரிம் 17தான். முன்பு சொன்ன டகோமாவில் ஸ்போர்ட்டுக்கு 17 அங்குல வீல், ஆஃப்ரோடுக்கு 16. காட்டுக்குப் போகிற வண்டிக்குச் சின்ன ரிம் கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். பெரிய ரிம் நன்றாக விற்கிறது, அவ்வளவுதான்.

இனி என்ன செய்யலாம்? உங்கள் பிரேக் காலிப்பர் இடிக்காத அளவில் ஆகச் சின்ன ரிம் எது என்று கேட்டு மாற்றுங்கள். பல பெரிய பிக்கப்களில் 17 நுழையாது, 18தான் நுழையும். மொத்த உயரம் பழைய டயருக்குப் பக்கத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும். லோட் இண்டெக்ஸ் (டயர் தாங்கும் சுமையைக் குறிக்கும் எண்) கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கருக்குக் குறையக் கூடாது. எல்டி (லைட் ட்ரக்) வகை டயர் போட்டால், அதே சுமைக்குச் சாதாரண டயரைவிட அதிகக் காற்று வேண்டும் என்பதை மறக்காதீர்கள். காற்றைக் குறைத்து ஓட்டிவிட்டு நெடுஞ்சாலைக்குத் திரும்பும்போது மறுபடி நிரப்புங்கள். குறைந்த காற்றோடு வேகமாகப் போனால் டயர் சூடேறி வெடிக்கும்.

கேள்வி: ஹில் டிசென்ட் கன்ட்ரோலுக்காக (சரிவில் தானாகப் பிரேக் போட்டு மெதுவாக இறக்கும் வசதி) மட்டும் பேக்கேஜ் எடுக்கலாமா?

வேண்டாம். லோ ரேஞ்சில் முதல் கியரைப் போட்டுக் காலை எடுங்கள். பெரும்பாலான சரிவுக்கு அது போதும்.

கேள்வி: தினமும் சுமை ஏற்றுகிற வண்டி, வார இறுதியில் டிரெய்லரும் இழுப்பேன். ஆஃப்ரோட் பேக்கேஜ் எடுத்தால் பேலோட் (வண்டி ஏற்றக்கூடிய சுமை) குறையுமா?

ஷாக்கும் ஸ்கிட் ப்ளேட்டும் மட்டும் மாறுகிற பேக்கேஜ் என்றால் தகட்டின் எடை அளவுக்குக் குறையும், கவலையில்லை. ஸ்பிரிங்கையே மாற்றி மென்மையாக்கியிருந்தால் கதை வேறு. முதலில் வந்த ஃபோர்டு ரேஞ்சர் ராப்டர் 2,500 கிலோதான் இழுக்கும், மற்ற ரேஞ்சர்கள் பலவும் 3,500 வரை இழுக்கும். பேலோடும் சாதாரண ரேஞ்சரைவிடக் கணிசமாகக் குறைவு.

விளம்பரத்தில் போடும் எண்ணை நம்பாதீர்கள், அது ஒன்றும் மாட்டாத வண்டியின் எண். உங்கள் வண்டியின் கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் பாருங்கள். ஐந்து பேர் ஏறினாலே 350, 400 கிலோ போய்விடும். டிரெய்லரின் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் அழுத்தும், அதுவும் பேலோட் கணக்கில்தான் சேரும்.

கேள்வி: ஆஃப்ரோட் பேக்கேஜ் உள்ள வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டது. ஏன்?

என்ன வண்டி, என்ன டயர், எவ்வளவு காற்று, லோ ரேஞ்ச் போட்டீர்களா, லாக்கரை அழுத்தினீர்களா, எதுவும் எழுதவில்லை. நான் ஜோசியம் பார்ப்பதில்லை. ஊகிக்கச் சொன்னால், ஷோரூமிலிருந்து வந்த ரோட் டயரின் பள்ளங்களில் சேறு அப்பி வழவழவென்று ஆகியிருக்கும். அந்த நிலையில் லாக்கர் இருந்தால் ஒரு சக்கரத்துக்குப் பதில் இரண்டும் சேர்ந்து வழுக்கும்.

அப்புறம், எப்படி வெளியே இழுத்தீர்கள் என்பதையும் சொல்லவில்லை, எனக்கு அதுதான் பயம். டிரெய்லர் மாட்டும் டோ பாலில் கயிறு கட்டி இழுக்காதீர்கள். அது தெறித்தால் பீரங்கிக் குண்டு மாதிரி வரும், ஆட்கள் செத்திருக்கிறார்கள். சேஸிஸில் போல்ட் போட்ட ரெகவரி கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். பேக்கேஜில் அந்தக் கொக்கி வந்தால், அதற்காகவே ஒரு மதிப்பெண் கூடப் போடலாம்.

கேள்வி: கம்பெனி ஸ்கிட் ப்ளேட் போதுமா?

சரளைக்கும், எப்போதாவது அடி தட்டுவதற்கும் போதும். பெரும்பாலும் மெல்லிய தகடுதான், சிலவற்றில் பிளாஸ்டிக். பாறையில் வண்டியின் எடையே அதன் மேல் உட்காரும் என்றால் 5 மில்லிமீட்டர் பக்கத்தில் உள்ள எஃகுத் தகடு வெளியில் வாங்கிப் போடுங்கள். ஆயில் மாற்ற அதில் ஓட்டை இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். சேற்றில் ஓட்டிய பிறகு தகட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவே கழுவுங்கள். யாரும் கழுவுவதில்லை.

கேள்வி: பழைய செவ்ரலே சில்வராடோ பிக்கப் ஒன்று பார்த்திருக்கிறேன். இசட்71 ஸ்டிக்கர் இருக்கிறது. உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஸ்டிக்கர் யார் வேண்டுமானாலும் வாங்கி ஒட்டலாம். இசட்71 என்பது ஜிஎம் 1988 மாடல்களிலிருந்து பயன்படுத்தும் ஆப்ஷன் குறியீடு. பழைய வண்டிகளில் க்ளவ் பாக்ஸுக்குள் ஒட்டியிருக்கும் லேபிளில் மூன்றெழுத்துக் குறியீடுகள் வரிசையாக இருக்கும். அதில் இசட்71 இருக்கிறதா, ஜி80 இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவதுதான் முக்கியம். பிறகு கீழே படுத்துப் பாருங்கள். ஸ்கிட் ப்ளேட்டில் ஆழமான பள்ளங்கள் இருந்தால் முந்தைய ஓனர் பேக்கேஜை நன்றாகவே அனுபவித்திருக்கிறார் என்று அர்த்தம். விலையை அதற்குத் தகுந்தாற்போல் பேசுங்கள்.

கேள்வி: விற்கும்போது பேக்கேஜுக்குக் கொடுத்த காசு திரும்ப வருமா?

கொஞ்சம் வரும். முழுசாக வரும் என்று யாராவது சொன்னால், அவர் விற்கிற பக்கம் இருப்பவர்.

கேள்வி: பேக்கேஜ் வேண்டாம், லாக்கர் மட்டும் தனி ஆப்ஷனாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா?

உடனே எடுங்கள். மிச்சப் பணத்தில் டயர் வாங்குங்கள்.

கேள்வி: பேக்கேஜ் எடுத்துவிட்டேன், ஆனால் பக்கவாட்டில் இருக்கும் பெரிய ஸ்டிக்கர் பிடிக்கவில்லை. எடுத்தால் பெயின்ட் போகுமா?

ஹேர் டிரையரால் சூடாக்கி ஓரத்திலிருந்து மெதுவாக உரியுங்கள், போகாது. ஆனால் சீக்கிரம் செய்யுங்கள். இரண்டு, மூன்று வருடம் வெயிலில் நின்ற பிறகு உரித்தால் சுற்றிலும் நிறம் மங்கி, ஸ்டிக்கர் இருந்த இடத்தில் அதே எழுத்துகள் பளிச்சென்று தெரியும்.